ஆறு விரலும் இரண்டு இசக்கியம்மாளும்

1. நாலு பெர்னாந்து

ஆஸ்பத்திரி லேபில் எனக்கு முதல் நாள். காலை ஏழு மணி. கையில் ஒரு டெஸ்ட் சீட்டு. அதில் 'பெர்னாந்து' என்று மட்டும் எழுதியிருந்தது. காத்திருக்கும் இடத்தின் வாசலில் நின்று, எனக்கே கேட்காத குரலில் அந்தப் பெயரைக் கூப்பிட்டேன். யாரும் திரும்பவில்லை. மறுபடி கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். நாலு பேர் எழுந்து நின்றார்கள்.

நான் சாயர்புரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரே தெருவில் பத்து பெர்னாந்து இருப்பார்கள் என்று தெரியும். நாலு பேர் ஒரே நேரத்தில் என் முன்னால் எழுந்து நிற்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்தவர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். நல்ல ஆகிருதி. அவரைப் பார்த்து, "நீங்கதானே அண்ணாச்சி?" என்றேன்.

"ஆமா" என்றார். கூடவே வந்து உட்கார்ந்து கையையும் நீட்டிவிட்டார்.

நரம்பு எழும்ப அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊசியின் மூடியைக் கழற்றினேன். அப்போது லேப் இன்சார்ஜ் ஜெசிந்தா மேடம் பின்னால் வந்து நின்றார். அவரும் கடற்கரைக்காரர்தான்.

"அண்ணாச்சி, என்ன டெஸ்டுக்கு வந்திய?" என்று கேட்டார்.

"எக்ஸ்ரே எடுக்க வந்தேம்மா. முதுகு வலி."

"பெறவு ஏன் இங்கன வந்து கைய நீட்டிக்கிட்டு இருக்கிய?"

"இந்தப் பிள்ளதான் 'நீங்கதானே'ன்னு கேட்டுச்சு. நான் பெர்னாந்துதானே? ஆமான்னேன். எக்ஸ்ரேவுக்கு முன்னால ஒரு ஊசி போடுவாவ போலன்னு நெனச்சேன்."

மேடம் பட்டையை அவிழ்த்து அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏளா, ஒம் பேரு பேச்சியம்மாள்தானே? பேருல இருக்க பேச்சு வாயில கொஞ்சம் வந்தா என்ன? 'நீங்கதானே'ன்னு கேட்டா இந்த ஊரே ஆமான்னு சொல்லும். 'உங்க பேரு என்ன'ன்னு கேளு. முழுப் பேரும் அவிய வாயில இருந்து வரணும்."

தலையை ஆட்டினேன். நான் அதிகம் செய்தது அதுதான், தலையை ஆட்டுவது. பிளஸ் டூ முடித்து, ஒரு வருஷ லேப் சர்டிபிகேட் வாங்கி வந்தவள் நான். ஊசி குத்த வரும். நரம்பு தேட வரும். ஆளைப் பார்த்து வாய்விட்டுப் பேச வராது. இருபது வருஷத்துக்கு மேல் ரத்தம் எடுத்த பிறகும் அந்தக் கூச்சம் முழுசாகப் போகவில்லை. லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லி எங்கள் டாக்டர் என்னிடம் சொன்னபோது, "எழுதித் தரட்டுமா சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரத்தம் பிடிக்கிற டியூபில் எந்த மூடி முதலில், எந்த மூடி கடைசியில் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிற படத்திலேயே இருக்கிறது. நீல மூடி, மஞ்சள் மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி. அதைப் பார்த்தால் போதும். அந்தப் படத்தில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

2. கருப்பட்டிக் காப்பி

கருப்பட்டி வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர் மாதம் தவறாமல் சர்க்கரை பார்க்க வருவார். வெறும் வயிற்றில் எடுக்கிற டெஸ்ட். நான் வழக்கம்போல, "சாப்பிடலையே அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்பேன். "பச்சத் தண்ணி பல்லுல படல" என்பார். ரிசல்ட் எகிறி நிற்கும். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். அடுத்த மாதமும் அப்படியே.

மூன்றாவது மாதம் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். "எம்மா, உங்க மிஷினு சரியில்ல. மாத்திரைய முழுங்கி முழுங்கி மத்தியானம் கடையில தல சுத்துது."

தலை சுற்றுகிறது என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கேள்வியை மாற்றிக் கேட்டேன். "காலையில எந்திச்சதுல இருந்து வாயில என்னென்ன போட்டிய அண்ணாச்சி?"

"ஒண்ணும் போடலியே. ஒரு செம்பு காப்பி குடிச்சேன்."

"காப்பியா?"

"கருப்பட்டிக் காப்பிதாம்மா. அது என்ன சாப்பாடா? தண்ணிலா? அதுல சீனியும் கெடையாது."

"கருப்பட்டி இனிப்புலா அண்ணாச்சி?"

"நான் முப்பது வருஷமா கருப்பட்டி விக்குதேன். எனக்கா தெரியாது? கருப்பட்டி வேற, சீனி வேற."

பக்கத்தில் இருந்த ஜெசிந்தா மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் காப்பி இல்லாமல் வரச் சொல்லி எடுத்தோம். சர்க்கரை பாதியாக இறங்கியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். தலைசுற்றல் நின்றது.

அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அவருக்குத் தெரிந்த பதிலைச் சொன்னார். கேள்விதான் சரியில்லை. இன்றைக்கும் நான், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதில்லை. "காப்பி, டீ, கருப்பட்டிக் காப்பி, சுக்குக் காப்பி ஏதாவது குடிச்சீங்களா?" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன். பாதிப் பேர் அந்த இடத்தில்தான், "ஓ, அதைக் கேக்கியா?" என்பார்கள்.

3. உப்பளத்துக் கை

வேம்பார் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்திருந்தார். உப்பும் வெயிலும் பட்டுப் பட்டுக் கைத்தோல் காய்த்துப் போயிருந்தது. நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்கும் தட்டுப்படவில்லை. பக்கத்து மேசையில் ஜெசிந்தா மேடம் இருந்தார். "மேடம், எனக்குக் கிடைக்கல, நீங்க பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூச்சம். பட்டையை இறுக்கிக் கட்டியபடியே விட்டுவிட்டு, "கைய மூடித் திறங்க, மூடித் திறங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு வழியாக எடுத்தேன்.

பொட்டாசியம் ஏறி வந்தது. இதயத்துக்கு ஆபத்தான அளவு. டாக்டர் பதறி, போன் போட்டு அவரை உடனே வரவழைத்தார். பாவம், கடற்கரை ரோட்டில் பஸ் பிடித்துத் திரும்பவும் வந்து சேர்ந்தார். டாக்டர் அவருக்குப் புரியும்படி, "ரத்தத்துல ஒரு உப்பு கூடியிருக்கும்மா" என்று சொன்னார்.

அந்த அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தன வருஷமா உப்பு அள்ளுதேன் டாக்டரய்யா. கை வழியா உள்ள ஏறிட்டா?"

இந்த முறை ஜெசிந்தா மேடம் எடுத்தார். பட்டையைக் கட்டி ஒரு நிமிஷத்துக்குள் அவிழ்த்தார். கையை மூடித் திறக்கச் சொல்லவே இல்லை. மஞ்சள் மூடி டியூபைக் குலுக்காமல், தலைகீழாக மெதுவாக ஐந்து தடவை சாய்த்து எடுத்தார். பொட்டாசியம் சரியாக இருந்தது. நான் பட்டையைக் கட்டிவிட்டு அவர் கையை மூடித் திறக்க வைத்ததில்தான் அது ஏறியிருக்கிறது.

"உப்பு அந்தம்மா ஒடம்புல ஏறலளா, ஒங் கூச்சம்தான் டியூபுல ஏறியிருக்கு" என்றார் மேடம். லேபே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் அன்றைக்கும் பாடம் முழுசாக மண்டையில் ஏறவில்லை என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

4. ஆறு விரல்

இது சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியின் கையில் பெயர்ப் பட்டை கட்டுகிற வழக்கம் வரவில்லை. பெயர், பெண்களாக இருந்தால் கணவர் பெயர், கட்டில் நம்பர். இவ்வளவுதான் சீட்டில் இருக்கும்.

பெண்கள் வார்டில் காலை ஏழு மணி ரவுண்டு. சீட்டில், 'இசக்கியம்மாள், க/பெ. ஆறுமுகம், கட்டில் 7' என்று இருந்தது. தாமிரபரணிக் கரையில் நெல் விவசாயம் செய்கிற குடும்பம். கர்ப்பப்பையில் கட்டி. பன்னிரண்டு மணிக்கு ஆப்ரேஷன். ஏற்கெனவே நிறைய ரத்தம் போய்ச் சோர்ந்திருந்த உடம்பு என்பதால், ஆப்ரேஷனின்போது ஏற்றுவதற்கு ரத்தம் தயாராக இருக்க வேண்டும். அவரிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்து எங்கள் பிளட் பேங்குக்குக் கொடுத்தால், அவர்கள் குரூப் பார்த்து, பொருந்துகிற ரத்தப் பையை எடுத்து வைப்பார்கள். அதற்குத்தான் நான் போனேன்.

ஏழாம் கட்டிலில் ஒரு அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க பேரு என்னக்கா?" என்று கேட்டேன். இதை மட்டும் சரியாகக் கேட்டேன்.

"இசக்கியம்மாள்."

"வீட்டுக்காரர் பேரு?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "நல்லாருக்கே! அத நான் எப்படித் தாயி சொல்லுவேன்?"

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. நடுவயது தாண்டிய பெண்கள் பலர் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரரைச் சொல்லச் சொல்வார்கள், இல்லையென்றால் விடுகதை போடுவார்கள். எனக்கு அந்த விடுகதை பிடிக்கும். பேச வேண்டிய அவசியம் இல்லாமல் வேலை முடியும்.

"திருச்செந்தூர்ல இருக்காருல்லா, அவரு பேருதான்" என்றார்.

"அவருக்கு நெறைய பேரு இருக்கே அக்கா."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். ஒரு கையின் ஐந்து விரலையும் விரித்தார். இன்னொரு கையின் கட்டைவிரலை அதோடு சேர்த்தார். ஆறு. அப்புறம் தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார். எதிர்க் கட்டில்காரம்மா கைதட்டிச் சிரித்தார். ஆறு, முகம். சீட்டைப் பார்த்தேன். ஆறுமுகம். விடுகதையை அவிழ்த்துவிட்ட சந்தோஷத்தில் தலையை ஆட்டினேன். ரத்தம் எடுத்தேன். அவர் முன்னாலேயே டியூபில் லேபிள் ஒட்டினேன். பிளட் பேங்கில் இருக்கும் ரோட்ரிகோ அண்ணனிடம் கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஒட்டிய லேபிள் சரி. ஒட்டிய இடம் சரி. ஆள்தான் வேறு.

பதினொரு மணிக்கு அதே வார்டுக்கு இன்னொரு சீட்டு வந்தது. 'இசக்கியம்மாள், க/பெ. சண்முகம், கட்டில் 9.' சர்க்கரை கூடி, காய்ச்சலோடு சேர்ந்தவர். சாதாரண ரத்தப் பரிசோதனை. ஒரே வார்டில் இரண்டு இசக்கியம்மாள் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே ஒன்பதாம் கட்டிலுக்குப் போனேன். அங்கே ஒரு மெலிந்த அம்மா படுத்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"உங்க பேரு என்னக்கா?"

"இசக்கியம்மாள்."

"வீட்டுக்காரர் பேரு?"

"திருச்செந்தூர்காரரு பேரும்மா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. விளையாட்டாக ஆறு விரலைக் காட்டினேன். அவர் சட்டென்று திரும்பி, வெட்கத்தோடு சிரித்தார். "ஆமா, ஒனக்கு யாரு சொன்னா?"

பட்டையைக் கட்டக் குனிந்தேன். அவர் சொன்னார்: "காலையிலயே ஆப்ரேசனுக்கு ரத்தம் எடுக்க வருவாவன்னு சிஸ்டர் சொன்னாவ. நீ என்ன தாயி இவ்வளவு நேரங் கழிச்சு வார?"

என் கை அப்படியே நின்றது.

ஆறுமுகமும் ஆறு முகம்தான். சண்முகமும் ஆறு முகம்தான்.

"ஆப்ரேஷன் உங்களுக்கா அக்கா? நீங்க ஏழாம் கட்டில்லா?"

"ஏழுதான். அந்தா இருக்காள்ளா, அவளும் இசக்கிதான். ராத்திரி காய்ச்சல்ல இங்கன கெடந்து புழுங்கிச் செத்தா. இந்த ஃபேனு சுத்தாது. ஏழுக்கு மேல உள்ளது நல்லாச் சுத்தும். பாவமேன்னு நாந்தான் மாறிக்கிட்டேன்."

ஏழாம் கட்டிலைப் பார்த்தேன். போர்வைக்குள்ளிருந்து அந்த இசக்கியம்மாள் எனக்கு ஆறு விரலைக் காட்டிச் சிரித்தார்.

5. மூன்று மாடி

ஆப்ரேஷனுக்குப் போகப் போகிறவர் பெயரில் வேறு ஒருவரின் ரத்தத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த ரத்தத்துக்குப் பொருத்தம் பார்த்து பிளட் பேங்கில் பை எடுத்து வைத்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே குரூப் என்றால் தப்பித்தோம். வேறு வேறு என்றால், சேராத ரத்தம் இந்த மெலிந்த உடம்புக்குள் ஏறும். அதற்குப் பிறகு பிழைப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது.

வார்டில் போன் இருந்தது. எடுத்து டயல் பண்ணினேன். பிளட் பேங்கில் லைன் பிஸி. லிஃப்டில் சாப்பாட்டு வண்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படியில் இறங்கினேன். மூன்று மாடி. இரண்டாவது மாடி திருப்பத்தில் செருப்பு கழன்றது. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

பிளட் பேங்க் வாசலில் கூட்டம். கவுன்டரின் அந்தப் பக்கம் ரோட்ரிகோ அண்ணன். இந்தப் பக்கம் தியேட்டர் நர்ஸ், ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ட்ரே. ட்ரேயில் பை. எனக்கும் அவருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர்.

"அண்ணே" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "அண்ணே" என்றேன் மறுபடி. முன்னால் நின்ற ஒருவர், "வரிசையில வாங்கம்மா" என்றார். நர்ஸ் பேனாவை மூடினார். ட்ரேயைத் தூக்கினார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. என்னுடையதுதான் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"அந்தப் பையைக் கொடுக்காதீய! நான் ஆள மாத்தி ரத்தம் எடுத்துட்டேன்!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றது. நர்ஸ் ட்ரேயைக் கவுன்டரில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார். ரோட்ரிகோ அண்ணன் பையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அடுத்த அறையிலிருந்து ஜெசிந்தா மேடம் ஓடி வந்தார்.

"யாருளா கத்துனது?"

"நான்தான் மேடம்."

"நீயா?" மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. "ஏளா பேச்சி, ஒனக்கு இவ்வளவு சத்தம் இருக்கா! இத்தன வருஷமா எங்க வச்சிருந்த?"

அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கட்டில் மாறியது, ஆறு விரல், சண்முகம், ஆறுமுகம் எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். முடித்ததும் ரோட்ரிகோ அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் ஒருத்தன் இருக்கேன், எங்க புனிதர் சேவியர்னா சேவியர்தான்னு நெனச்சிக்கிட்டு. உங்க திருச்செந்தூர்காரருக்கு இத்தன பேரா?"

மேடம் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. புது டியூபை எடுத்து என் கையில் வைத்தார். "வா, போவோம். நீயே எடு."

6. வார்டில்

நாங்கள் மேலே போவதற்குள் செய்தி போயிருந்தது. ஆப்ரேஷன் செய்கிற டாக்டரம்மா ஒன்பதாம் கட்டில் பக்கத்தில் நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது. "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மட்டும் கேட்டார். "ஒரு மணி நேரம் தள்ளிப் போகும் டாக்டர்" என்றார் மேடம். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "சொன்னதுக்குத் தேங்க்ஸ்" என்றார். அதன் பிறகும் கடுகடுப்பு குறையவில்லை. அது நியாயம்தான்.

மெலிந்த இசக்கியம்மாளுக்கு மேடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னார். "அக்கா, ரெண்டு பேரும் ஒரே பேரு. அதனால மாறிப்போச்சு. உங்களுக்கு மாத்தி ரத்தம் ஏறினா உசிருக்கு ஆவத்து. இப்ப உங்க வாயால தெளிவாச் சொல்லணும். உங்க பேரு, வயசு, ஊரு, வீட்டுக்காரர் பேரு."

மூன்றைச் சொன்னார். நான்காவதில் நின்றார். வார்டே அவரைப் பார்த்தது. வார்டு வாசலில் ஃபிளாஸ்க்கோடு ஒருவர் நின்றார். அவர்தான் இந்த அக்காவுடைய வீட்டுக்காரர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"சொல்லுங்கக்கா" என்றேன். இந்த முறை என் குரல் கேட்டது.

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "உசிரு போற காரியம்னா என்ன செய்ய? ஆறுமுகம்! போதுமா? ஆ-று-மு-க-ம்!"

வாசலில் நின்றவர் திடுக்கிட்டு, "என்னளா?" என்றார். ஃபிளாஸ்க் கையிலிருந்து நழுவி, தரையில் உருண்டு ஏழாம் கட்டிலின் அடியில் போய் நின்றது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பெயரைப் பெண்டாட்டி வாயால் கேட்கிறார். "அதுவும் அதட்டுன மாதிரிலா கூப்பிடுதா" என்று எங்களிடம் முறையிட்டார். வார்டு முழுக்கச் சிரித்தது. டாக்டரம்மாவின் கடுகடுப்பு அங்கேதான் உடைந்தது.

ரத்தம் எடுத்தேன். அரைமணி நேரத்தில் ரோட்ரிகோ அண்ணன் போன் பண்ணினார். இவர் ஓ பாசிட்டிவ். காலையில் நான் கொடுத்த டியூப் பி பாசிட்டிவ். அதாவது ட்ரேயில் இருந்த பை பி, இவருக்குச் சேராத ரத்தம். மேடம் போனை வைத்துவிட்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆப்ரேஷன் ஒன்றேகால் மணிக்கு நடந்தது. சரியான ரத்தம் ஒரு பை ஏறியது. எட்டாம் நாள் அவர் நடந்தே லிஃப்ட் வரைக்கும் போனார். ஆறுமுகம் அண்ணாச்சி துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். லிஃப்ட் மூடுகிற நேரத்தில், "இன்னொரு தடவ கூப்பிடேன்" என்று அவர் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. "போதும், வாய மூடிட்டு வாங்க" என்று பதிலும் கேட்டது.

7. அப்பா பேரு

நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன். யாரும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் கையில் கட்டும் பெயர்ப் பட்டை வந்தது அந்த மாதம்தான். ஒன்பதாம் கட்டில் ஃபேனையும் ரிப்பேர் பண்ணினார்கள்.

இன்னொன்றும் மாறியது. பெண்களுக்கான சீட்டில் கணவர் பெயரோடு அப்பா பெயரும் சேர்ந்தது. அதைச் சொன்னது நான்தான், மீட்டிங்கில், எல்லார் முன்னாலும். கணவர் பெயரைக் கேட்டால் வாயைப் பொத்துகிற அதே பெண்கள் அப்பா பெயரைக் கேட்டால் நிமிர்ந்து, ஊர் கேட்கச் சொல்வார்கள். சிலர் அவர் என்ன வேலை பார்த்தார், எத்தனை ஏக்கர் வைத்திருந்தார் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பெயர்ப் பட்டை கட்டியிருந்தாலும் கேளுங்கள். பட்டையைக் கட்டியவரும் நம்மைப் போல ஒரு ஆள்தான். பதிலை நீங்கள் சொல்லி அவரைத் தலையாட்ட விடாதீர்கள். அவர் சொல்லி, நீங்கள் சீட்டைப் பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் ஊசியை மூடி வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். தப்பு நடந்தது தெரிந்தால், அந்த நிமிஷமே, எத்தனை பேர் நின்றாலும், சத்தமாகச் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. கூச்சத்தோடேயே கேட்கலாம், கூச்சத்தோடேயே கத்தலாம். நான் செய்திருக்கிறேன்.

சண்முகம் வீட்டு இசக்கியம்மாள் இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வருகிறார். என்னைத் தவிர வேறு யாரிடமும் கையை நீட்ட மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே, ஒரு கையை விரித்து இன்னொரு கட்டைவிரலைச் சேர்த்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார். கண்ணில் அவ்வளவு குறும்பு. இத்தனை வருஷத்தில் அவரை எனக்கு என் சொந்த அக்கா போலத் தெரியும்.

நான் அந்த விரல்களைப் பார்ப்பதில்லை.

"உங்க முழுப் பேரு என்னக்கா? அப்பா பேரு என்ன?" என்று, வெளியே காத்திருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி கேட்கிறேன்.